எழுதாமல் விட்ட பதில்

விருதுநகர்
12 ஜனவரி 2025

அன்பு மகள் சுமைராவுக்கு,

அத்தாவின் சலாமும் துஆவும். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ் உதவியால் நன்றாக இருக்கிறோம். என் தொண்டை மட்டும் நன்றாக இல்லை என்று எழுதினால் நீ அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவாய். அதனால் அதுவும் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்.

மதுரை டாக்டர் குரல்நாணில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஆனால் அவர் சொல்லும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாதாம். முணுமுணுக்கவும் கூடாதாம். மிளகாய் மண்டியில் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கத்திப் பழகினவன் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டார்கள். நான் அதில் எழுதுவதை புரோக்கர் செந்தூர்பாண்டி சத்தமாக வாசிக்கிறான். நேற்று நான் 'விலையைக் குறைக்காதே' என்று எழுதினேன். அவன் வந்த ஆளிடம், "மொதலாளி பாத்துச் செய்யச் சொல்லுதாக" என்று வாசிக்கிறான். சிலேட்டாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டேன்.

செல்போனில் எழுத எனக்கு வரவில்லை. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு எழுத்து வந்து நிற்கிறது. எனவே இனி கடிதம்தான். நீயும் கையால் எழுது.

இப்போது விஷயம். சிவகாசியில் லேபிள் பிரஸ் வைத்திருக்கும் சாதிக் பாட்சாவைத் தெரியுமல்லவா, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறவர். அவர் மகன் அசாருதீனுக்கு உன்னைக் கேட்கிறார்கள். பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது, பிரஸ்ஸை அவன்தான் பார்க்கிறான். அவர்கள் சொல்லும் நிபந்தனை ஒன்றே ஒன்று. இந்த எம்.ஏ. முடிந்த பிறகு வெளியூர்ப் படிப்பு வேண்டாம் என்கிறார்கள்.

போனில் யாரும் உன்னைக் கேட்டுக் குடையக் கூடாது என்று உன் அம்மாவுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன். நம் சொந்தத்தில் எந்த அத்தா மகளிடம் கடிதம் போட்டு அபிப்பிராயம் கேட்டான்? நான் கேட்கிறேன். யோசித்து எழுது.

இன்னொன்று. பள்ளிவாசலில் எல்லோரும் நீ என்ன படிக்கிறாய் என்கிறார்கள். சிலேட்டில் 'இங்கிலீஷ்' என்று எழுதிக் காட்டினேன். "இங்கிலீசுல என்ன?" என்கிறார்கள். அதையும் எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

துஆவுடன்,
அத்தா செய்யது அபுதாஹிர்


ஹைதராபாத்
26 ஜனவரி 2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கையெழுத்தை இவ்வளவு நீளமாக நான் பார்த்ததே இல்லை. நான் சுகம். விடுதிச் சாப்பாட்டில் காரம் உண்டு, ஆனால் நம் மண்டி மிளகாயின் காரம் இல்லை. வெந்நீர் குடிக்கிறீர்களா? பேச வேண்டாம் என்றால் சிரிக்கவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். செந்தூர்பாண்டி அண்ணனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

என் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், முதல் உலக யுத்தத்தை ஒட்டி இங்கிலாந்தில் எழுதியவர்கள் கதை சொல்லும் முறையையே மாற்றிப் போட்டார்கள். அதுவரை கதை சொல்கிறவர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி உயரத்தில் உட்கார்ந்து, இவன் நல்லவன், இவள் அழுதாள் என்று சொல்லிக்கொண்டு போவார். இவர்கள் கீழே இறங்கி ஒரு ஆளின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் நினைப்பு எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதினார்கள். சரவெடியில் ஒன்று வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிறதல்லவா, அப்படி ஒரு நினைப்பு இன்னொன்றைப் பற்றவைத்துக்கொண்டே போகும். இதை நனவோடை என்கிறோம்.

சில கதைகளில் சொல்கிறவரையே நம்ப முடியாது. அவர் சொல்வதை வைத்து, நடந்தது என்ன என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில கதைகளில் ஒரே சம்பவத்தை நாலு பேர் மனத்துக்குள்ளிருந்து நாலு தடவை பார்ப்போம். கவிதைகளிலும் யார் யாரோ பேசுகிற துண்டுகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு, இணைக்கிற வேலையை நம்மிடம் விட்டுவிடுவார்கள்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது சொல்லாமல் விடுவதை. ஒரு கதையில் மிக முக்கியமான விஷயத்தை எழுத்தாளர் எழுதவே மாட்டார். அதைச் சுற்றி எல்லாவற்றையும் எழுதுவார். அந்தக் காலி இடத்தில்தான் கதை இருக்கும். என் பேராசிரியை இதையே தொடர்ந்து முனைவர் பட்ட ஆராய்ச்சியாகச் செய்யச் சொல்கிறார். இங்கேயே இடம் தருகிறார்கள், உதவித்தொகையும் உண்டு. ஐந்து வருஷம் ஆகும். ஜூன் மாதத்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

என் ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய பாறைகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று, இப்போதோ அப்போதோ உருண்டுவிடும் போல நிற்கின்றன. ஆனால் யார் தள்ளியும் அசைந்ததில்லையாம். காலையில் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என் சலாம்.

உங்கள் மகள்,
சுமைரா


விருதுநகர்
9 பிப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து மனம் குளிர்ந்தது. நாங்கள் சுகம். புது வத்தல் வரத்து தொடங்கிவிட்டது. மண்டியில் தும்மாத ஆள் இல்லை. எனக்குத் தும்மவும் அனுமதி இல்லை.

கடிதத்தை நாலு முறை படித்தேன். செந்தூர்பாண்டிக்கும் காட்டினேன். சொல்கிறவரை நம்ப முடியாத கதை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் விரலை வைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். "என்னைய ஏன் பாக்குதீக?" என்கிறான். வெள்ளைக்காரன் எழுதினதற்கே என் மகள் விளக்கம் எழுதுகிறாள் என்று சிலேட்டில் பெரிதாக எழுதி நாள் முழுக்க கல்லாவில் சாய்த்து வைத்திருந்தேன். விலை கேட்க வந்தவனெல்லாம் அதைத்தான் படித்தான்.

நான் கேட்ட மற்ற விஷயத்துக்கு நீ மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. புரிந்துகொண்டேன். என் சின்ன வயசில் மண்டியில் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். பேச்சே இருக்காது. விலை ஒத்து வராதவன் கையை உருவிக்கொள்வான். உருவாமல் இருந்தால் வியாபாரம் முடிந்தது. நீ கையை உருவவில்லை. உன் அம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்டபோது அவளும் குனிந்த தலை நிமிராமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். நம் வீட்டுப் பெண்கள் சரி என்பதை அப்படித்தான் சொல்வார்கள். நீ படித்தவள், பாறையைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் அம்மா அந்தப் பகுதியை மிகவும் ரசித்தாள்.

நோன்பு பிறப்பதற்கு முன்பே சீனி மாற்றி நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று சாதிக் பாட்சா அவசரப்படுகிறார். ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார்களே, அது பெரிய கௌரவம். அதையும் சிலேட்டில் எழுதி வைப்பேன்.

துஆவுடன்,
அத்தா


ஹைதராபாத்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். நலம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? அடுத்த பரிசோதனை எப்போது? டாக்டர் சொல்லாமல் நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிவிடக் கூடாது. கோபம் வந்தாலும் பேசக் கூடாது. அதுதான் எனக்குப் பயம்.

இந்த வாரம் வகுப்பில் நான் பேசினேன். என் ஆய்வில் ஒரு பகுதியை எல்லோருக்கும் விளக்க வேண்டும். கதையில் இப்படி ஒரு இடம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே ஒரு உதாரணம் சொன்னேன். ஒருத்தியிடம் அவள் வாழ்க்கையைப் பற்றிய முக்கியமான கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்பவர் மேல் அவளுக்கு உயிர். அவரை நோகடிக்க வாய் வரவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பாறையைப் பற்றிப் பேசுகிறாள். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அவள் பதில் என்ன என்று கேட்டேன்.

ஒருவர்கூட 'சரி' என்று சொல்லவில்லை. சரி என்பதாக இருந்தால் அதைச் சொல்ல அவளுக்கு என்ன கஷ்டம், சொல்ல முடியாததால்தானே பாறையைப் பார்க்கிறாள் என்று ஒரு மலையாளத்துப் பெண் கேட்டாள். பேராசிரியை தலையை ஆட்டினார். இந்த மாதிரி எழுத்தில் வாசகருக்குப் பாதி வேலை உண்டு, எழுதாமல் விட்டதையும் படிக்கிறவர்தான் நல்ல வாசகர் என்றார்.

எனக்குத் தெரிந்த நல்ல வாசகர் நீங்கள்தான். என் கடிதத்தை நாலு முறை படித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். இதையும் நாலு முறை படிப்பீர்கள் என்று தெரியும். அவசரம் வேண்டாம்.

அம்மாவின் கால் வீக்கம் குறைந்ததா?

உங்கள் மகள்,
சுமைரா


விருதுநகர்
28 பிப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

சலாம். சுகம். உன் அம்மாவின் கால் வீக்கம் குறைந்துவிட்டது. குறையாவிட்டாலும் நேற்று அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

நேற்று சீனி மாற்றிக்கொண்டோம். சிவகாசியிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். தட்டுத் தட்டாகச் சீனி, கற்கண்டு, பழம். சாதிக் பாட்சா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இனிமே சுமைரா எங்க வீட்டுப் பிள்ளை" என்றார். என்னால் பேச முடியாது, நான் அவர் கையை அழுத்தினேன். ஆகஸ்டில் நிக்காஹ். தீபாவளி ஆர்டர் சூடு பிடிப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள்.

நீ வகுப்பில் பேசியதைப் படித்தேன். கதை நன்றாக இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. அதுதான் உங்கள் பாஷனோ என்னவோ. பெருநாளைக்கு வரும்போது சொல்.

அத்தா


விருதுநகர்
3 ஏப்ரல் 2025

அன்பு மகள் சுமைராவுக்கு,

சலாம். நாங்கள் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை.

நோன்பு முழுக்க உன் கடிதம் வரவில்லை. பெருநாளைக்கும் வரவில்லை. பரீட்சை என்று உன் அம்மாவிடம் போனில் இரண்டு வார்த்தை சொன்னாயாம். நிக்காஹ் தேதியைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டதாம். பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் என்னைக் கட்டித் தழுவிப் போனார்கள். நீ மட்டும் இல்லை. பிரியாணி இறங்கவில்லை.

உடம்பு சரியில்லையா? எதுவானாலும் எழுது.

அத்தா


ஹைதராபாத்
11 ஏப்ரல் 2025

அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பெருநாளன்று விடுதியில் சேமியா மட்டும் செய்து சாப்பிட்டேன். எனக்கும் இறங்கவில்லை.

நான் சரி என்று சொல்லவில்லை அத்தா. இதை ஜனவரியிலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அசாருதீன் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அவரைத் தெரியவே தெரியாது. எனக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும். அந்த இடம் எனக்குக் கிடைத்தது என்று தெரிந்த அன்று விடுதி மொட்டை மாடியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் நிபந்தனையும் இதுவும் ஒன்றாகப் போகாது.

உங்களிடம் வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. பெண்பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புவதா என்று எல்லோரும் சண்டை போட்டபோது, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தவர் நீங்கள். கோபத்தில் பேசி உங்கள் தொண்டை போய்விடுமோ என்றும் பயந்தேன். நான் எழுதாமல் விட்டால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். நான் படித்த கதைகளில் வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு பதில். பெரும்பாலும் அது 'வேண்டாம்' என்ற பதில். நீங்கள் பழகிய மண்டியில் கையை உருவாமல் இருந்தால் வியாபாரம் முடிந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே கடிதத்தை வேறு வேறு மாதிரிப் படித்துவிட்டோம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது மனத்துக்குள் என்ன ஓடியது என்று இத்தனை வருஷத்தில் யாராவது கேட்டீர்களா?

சுமைரா


விருதுநகர்
24 ஏப்ரல் 2025

சுமைராவுக்கு,

சலாம். சுகம்.

உன் கடிதம் வந்தது. ஒரு முறைதான் படித்தேன், போதும்.

படிக்க அனுப்பியதால் வந்தது என்று உன் மாமி சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை, சிலேட்டில் எழுதவும் இல்லை. ஆனால் இந்த ஊரில் என் வாக்குக்கு ஒரு மதிப்பு உண்டு. நான் கை அழுத்திச் சொன்னது சொன்னதுதான் என்றுதான் மிளகாய் போடும் ராமநாதபுரத்துச் சம்சாரிகள்கூட என் மண்டிக்கு மூட்டையை இறக்குகிறார்கள். சீனியைத் திருப்பிக் கொடுத்தவன் என்று என்னைச் சொல்ல வேண்டுமா?

எனக்கோ வாய் இல்லை. உனக்கு எழுத வருகிறது. சாதிக் பாட்சாவுக்கு நீயே எழுதிவிடு.

அத்தா


ஹைதராபாத்
5 மே 2025

அத்தாவுக்கு,

சலாம். நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

சாதிக் பாட்சா மாமாவுக்கு நான் எழுத மாட்டேன். அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டவர் நீங்கள். நம் சொந்தத்தில் எந்த அத்தாவும் கேட்டதில்லை என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டியவர் நீங்கள்.

பேராசிரியையிடம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடும்போது 'சுமைரா அபுதாஹிர்' என்று உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் போட்டேன். பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வெந்நீர் குடியுங்கள்.

சுமைரா


விருதுநகர்
12 ஜூன் 2025

அன்பு மகள் சுமைராவுக்கு,

அத்தாவின் சலாமும் துஆவும் முத்தமும். நாங்கள் சுகம். ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. இந்த முறை நான் சும்மா இருந்ததற்கு யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

முதலில் உன் கேள்வி. உன் அம்மாவிடம் கேட்டேன். சிலேட்டில் எழுதி நீட்டினேன். அன்றைக்குக் கீரை ஆயும்போது மனசில் என்ன நினைத்தாய் என்று. அவள் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "டீச்சர் டிரெய்னிங்குக்கு அப்ளிகேசன் வாங்கி வச்சிருந்தேன். அத அடுப்புல போடவா, பொட்டியில வைக்கவான்னு யோசிச்சேன்" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன். "நீங்க இன்னைக்குத்தான கேக்குறீக" என்றாள். "ஒங்களக் கட்டினதுல எனக்குக் குறை ஒண்ணுமில்ல. ஆனா கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று முழுக்க நான் கடைக்குப் போகவில்லை.

பக்ரீத் முடிந்த மறுநாள் டாக்டர் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம், குரல் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என் முதல் பேச்சு என்னவாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. புதுச் சீனி வாங்கித் தட்டில் கட்டிக்கொண்டு, உன் அம்மாவுடன் சிவகாசி பஸ் ஏறினேன்.

அங்கே நடந்ததை உன் வெள்ளைக்காரர்கள் மாதிரி, ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் போய் எழுதிப் பார்க்கிறேன். உன் பேராசிரியையிடம் காட்டு. மதிப்பெண் குறைந்தால் எனக்குச் சொல்லாதே.

சாதிக் பாட்சா: வாங்கண்ணே வாங்க, ஏது சொல்லாமக் கொள்ளாம, கையில என்ன தட்டு, ஆகஸ்டு நிக்காவுக்கு இப்பவே சீனியா, அண்ணன் மொகம் ஏன் இப்படி இருக்கு, இது நாம கொடுத்த சீனி மாதிரில்ல இருக்கு, திருப்பியா, எங்க வீட்டுச் சீனியத் திருப்பியா, ஊர்ல நான் என்ன சொல்லுவேன், லேபிள் கம்பெனிக்காரன் மகனுக்கு என்ன குறைன்னு கேப்பானே.

அவர் முகத்தில் இது அத்தனையும் ஓடியது. நான் சிலேட்டை எடுத்தேன். பஸ்ஸிலேயே எழுதி வைத்திருந்தேன். அவர் கையால் தடுத்தார். "அண்ணே, ஒங்க கையப் பிடிச்சு வாங்கின வாக்கு. சிலேட்டுல எழுதிக் காட்டித் திருப்புவீகளோ? என்னன்னு வாயால சொல்லுங்க" என்றார். நியாயம்தான்.

உன் அம்மா: அல்லாவே, இவுக தொண்டை, டாக்டர் மெல்லமான்னு சொன்னாரே, கத்திப்புடுவாகளோ, நான் சொல்லிரட்டுமா, இல்ல, இது இவுக சொல்ல வேண்டியது.

நான்: பிஸ்மில்லாஹ்.

பிஸ்மி சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த குரல், உரலில் வத்தல் இடிக்கிற மாதிரி இருந்தது. சொன்னேன். "எம் மக சம்மதிக்கல. அவகிட்டக் கேட்டேன். அவ சும்மா இருந்தத நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். தப்பு எம்மேலதான், பிள்ளை மேல இல்ல. அவ பெரிய படிப்புப் படிக்கப் போறா. எனக்கு அதுல பெருமைதான். ஒங்க வீட்டுக்கு வந்த தலகுனிவுக்கு மன்னிச்சுக்கிடுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் காற்றுதான் வந்தது. நான் வாழ்நாளில் எவ்வளவோ பேசியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், சத்தியம் செய்திருக்கிறேன். அந்த ஆறேழு வாக்கியம் மாதிரி ஒன்றும் பேசியதில்லை. வாக்கு தவறியவன் என்று ஊர் சொல்லட்டும். நான் தவறாகக் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கினேன், அவ்வளவுதான்.

நசிமா, சாதிக் பாட்சாவின் மனைவி: இந்த மனுசன் இந்தக் குரல வச்சுக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்காரே. போன்ல சொல்லியிருக்கலாம். ஆள் விட்டிருக்கலாம்.

அவள் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஏனென்றால் எழுந்து வந்து, நான் கொண்டுபோன தட்டைப் பிரித்து, அதிலிருந்தே சீனியை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். சாதிக் பாட்சா டீயைத் தொடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எடுத்துக் குடித்தார். "ஆறிப்போச்சு" என்றார். கோபம் போகவில்லை, ஆனால் குடித்தார்.

அசாருதீன் கதவோரம் நின்றிருந்தான். அவன் மனத்துக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி இனிமேல் எடுத்துக்கொள்வதில்லை. அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் அம்மா, "இம்புட்டு நாள் கழிச்சு வாயத் தொறந்து இதையா பேசணும்" என்றாள். பாதி வழி தாண்டிய பிறகு, "ஆனா நல்லாத்தான் பேசுனீக" என்றாள். அவள் அழுதாள். நானும்தான். கண்டக்டர் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது பள்ளிவாசலில் கேட்கிறவர்களுக்கு வாயாலேயே சொல்கிறேன். என் மகள் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி செய்கிறாள், கதையில் சொல்லாமல் விடுவதைப் பற்றி என்று. "சொல்லாம விட்டதுக்கா பட்டம் கொடுக்கான்?" என்று செந்தூர்பாண்டி கேட்டான். அதில் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமாலே என்றேன். என் குரலைக் கேட்டுப் பயந்துபோய் மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

ஜூலையில் நீ எல்லோர் முன்னாலும் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று உன் அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். எனக்கு வர வேண்டும் போல இருக்கிறது. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். இங்கிலீஷ் புரியாது. நீ எந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்றாவது பார்ப்பேன்.

வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. எனக்கு வருத்தம் இல்லை. பதிலைப் பதிலாக எழுது. தயவுசெய்து பாறையைப் பற்றி எழுதாதே.

துஆவுடன்,
அத்தா


ஹைதராபாத்
18 ஜூன் 2025

அத்தா,

வாங்க. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. உங்கள் இரண்டு பேருக்கும் முன்வரிசையில் இடம் சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டது எதுவும் இல்லை.

சுமைரா